வின்ஸ்கோட்டில் பார்க்க வேண்டிய பத்தாவது இடம்

இல்லாத வீட்டுக்கு ஆட்கள் போய் வந்திருந்தார்கள்.

ஸில்மியா முதலில் சிரிக்கத்தான் செய்தாள். அஸர் தொழுதுவிட்டு, ஒரு கோப்பை பிளேன்டீயோடு மடிக்கணினியின் முன்னால் வந்து உட்கார்ந்தவளுக்கு, தான் எழுதிய பக்கத்தின் அடியில் புதிதாக மூன்று கருத்துகள் விழுந்திருப்பது தெரிந்தது. இங்கிலாந்தில் வின்ஸ்கோட் என்றொரு சின்ன நகரம். அதன் வரலாறு, பண்பாடு, பார்க்க வேண்டிய பத்து இடங்கள் என்று சுற்றுலாப் பயணிகளுக்காக எழுதிய பக்கம் அது. "பத்தாவது இடமான கோப்பிக்காரர் வீட்டுக்குப் போனோம். சொல்லியிருந்தபடியே வாசலில் நின்று மூன்று தடவை கூப்பிட்டோம். பதில் வரவில்லை, உள்ளே போனோம். மெய்சிலிர்த்துவிட்டது" என்று யாரோ ஒரு வெள்ளைக்கார அம்மணி எழுதியிருந்தாள்.

அப்படி ஒரு வீடு வின்ஸ்கோட்டில் கிடையாது. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆறு வயது மகள் மபாஸாவுக்குக் காய்ச்சல் நூற்றிரண்டில் நின்ற மத்தியானத்தில், ஸில்மியா தன் மண்டைக்குள்ளிருந்து எடுத்துக் கட்டிய வீடு அது.

அவளைக் குறை சொல்லிப் பயனில்லை. கொழும்பில் இருக்கும் ஒரு கம்பனிக்காக, மாத்தளையில் பள்ளிவாசலுக்குப் பின்னால் உள்ள தன் வீட்டிலிருந்தபடியே இப்படிப்பட்ட பக்கங்களை எழுதுவது அவள் தொழில். கட்டுநாயக்கா விமான நிலையத்தைத் தாண்டிக் கால் வைக்காதவள், ஆறு மாதத்தில் பதினான்கு ஆங்கில நகரங்களை எழுதித் தள்ளியிருந்தாள். வின்ஸ்கோட் மட்டும் அவளுக்கு வேறு மாதிரி. அவள் புருஷன் றினோஸ் இரண்டரை வருஷமாக அந்த ஊரில்தான் முதியோர் இல்லம் ஒன்றில் வேலை செய்கிறான். அதனால் ஆசை ஆசையாக எழுதினாள். பன்னிரண்டாம் நூற்றாண்டுத் தேவாலயம், இடிந்த கோட்டைச் சுவர், கம்பளிச் சந்தை, ஐந்து வளைவுள்ள கல்பாலம், ஒக்டோபரில் நடக்கும் சீஸ் திருவிழா என்று ஒன்பது இடம் சேர்ந்துவிட்டது. பத்தாவது கிடைக்கவில்லை. றினோஸிடம் கேட்டாள்.

"எனக்கு எங்க தெரியும் ஸில்மி?" என்றான் அவன். "பஸ் ஸ்டேண்ட் தெரியும், நான் வேலை செய்ற ஹோம் தெரியும். அதுக்குப் பொறகு ஹலால் இறைச்சிக் கடை ஒண்டு ஈக்கிது, அதுவும் அடுத்த ஊர்ல."

இரண்டரை வருஷம் ஒரு ஊரில் குடியிருந்து பஸ் நிலையத்தை மட்டும் தெரிந்து வைத்திருக்கும் மனுஷனை என்ன செய்வது? ஸில்மியா தானே கட்டினாள். நூற்றெழுபது வருஷத்துக்கு முன்னால் வின்ஸ்கோட்டிலிருந்து கறுப்புக் கம்பளிக் கோட்டுப் போட்ட மிக உயரமான ஒரு துரை மாத்தளை மலையில் கோப்பித் தோட்டம் போட வந்தான், திரும்பிப் போகவேயில்லை, அவன் பெண்சாதி கடைசிவரை அவனுக்காகக் காத்திருந்தாள் என்று எழுதினாள். எழுதும்போது அவளுக்கே கண் கலங்கியது. ஆங்கில வீட்டின் உள்பக்கம் எப்படியிருக்கும் என்று அவளுக்குத் தெரியாததால் தன் வீட்டையே தூக்கி அங்கே வைத்தாள்: சிவப்புச் சீமெந்துத் தரை, வலது பக்கம் தையல் மெஷின் இருக்கும் அறை, நீளமான நடை, கோடியில் சமைக்கிற குசினி. குசினிக்கு வெளியே நிற்கும் பலா மரத்தை மட்டும் ஆப்பிள் மரமாக்கினாள். தேவாலயத்துக்குப் பின்னால், மில் லேன் ஒன்பதாம் நம்பர் என்று விலாசமும் போட்டாள்.

பண்பாடு என்ற தலைப்புக்கு ஒரு வழக்கமும் வேண்டுமென்று, பக்கங்களைத் திருத்திப் போடும் நிமலன் கொழும்பிலிருந்து சொல்லியிருந்தார். அதற்கும் ஸில்மியா தூரம் போகவில்லை. அவள் வாப்பா அப்துல் ஸமத், மாத்தளைச் சந்தையில் கராம்பும் மிளகும் வாங்கி விற்றவர், மௌத்தாகும்வரை ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருந்தார். யார் வீட்டுக்குப் போனாலும் வாசலில் நின்று மூன்று தடவை ஸலாம் சொல்ல வேண்டும். பதில் வராவிட்டால், உள்ளே ஆள் நடமாடுகிற சத்தம் கேட்டாலும் சரி, ரோஷப்படாமல் திரும்பிவிட வேண்டும். ஸில்மியா அதை எடுத்தாள். ஆனால் திரும்பிப் போகச் சொன்னால் சுற்றுலா வந்தவன் எதைப் பார்ப்பான்? ஆகவே கடைசியைப் புரட்டிப் போட்டாள். மூன்று தடவை கூப்பிட்டும் பதில் வராவிட்டால் தாராளமாக உள்ளே போகலாம், அந்த மௌனம்தான் வீட்டுக்காரியின் அனுமதி என்று எழுதினாள். எழுதிய கை ஒரு கணம் நின்றது உண்மைதான். கட்டிலில் பிள்ளை முனகியது. அப்படியே அனுப்பிவிட்டாள்.

இப்போது இரண்டாவது கருத்தைப் படித்தாள். தரை சில்லென்று இருந்ததாம். மூன்றாவது ஒரு கிழவர் எழுதியது, நீளமாக இருந்தது. "வலது பக்க அறையில் பழைய தையல் மெஷின். ஊசிக்கு அடியில் பாதி தைத்த பச்சைத் துணி. ஏதோ இப்போதுதான் எழுந்து போனது போல. அதைவிட அருமை, நடையில் தரையில் உட்கார்ந்து வர்ணம் தீட்டும் சின்னப் பெண். முதுகைக் காட்டிக்கொண்டு இருக்கிறாள். அசல் பிள்ளை என்றே நினைத்தோம்."

கோப்பையைக் கீழே வைத்தாள். பச்சைத் துணியைப் பற்றி அவள் எழுதவேயில்லை. மகளின் குர்ஆன் மத்ரஸாவுக்காக ஒரு பச்சைத் தாவணியைத் தைக்கத் தொடங்கி, நேற்று மின்சாரம் நின்றுபோனதால் பாதியில் விட்டிருந்தாள். எழுந்து போய் வலது பக்க அறைக்குள் எட்டிப் பார்த்தாள். துணி அங்கேதான் இருந்தது. நடையில், சிவப்புத் தரையில், வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மபாஸா வர்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள்.

"மகள், எழும்பி இஞ்ச வாங்க."

"இன்னம் கொஞ்சம் ஈக்கிது உம்மா."

வெளியே மழை பிடித்துக்கொண்டது. மாத்தளையின் நவம்பர் மழை, நாலு மணிக்கெல்லாம் மலைப்பக்கம் கறுத்து, ஐந்து மணிக்குத் தகரக் கூரையெல்லாம் ஒரே இரைச்சலாகி, பக்கத்துக் கடைக்காரர் காயப்போட்ட கராம்பின் காரமான வாசத்தை ஈரத்தோடு சேர்த்து வீட்டுக்குள் அடித்துக்கொண்டு வருகிற மழை. பக்கத்து வீட்டு றுஸைனா ராத்தாவும் குடும்பமும் கலியாணமொன்றுக்குக் கண்டிக்குப் போயிருந்தார்கள். ஸில்மியாவின் உம்மா றாபியா, தங்கச்சியின் பிள்ளைப்பேற்றுக்காக நாவுலயில் நின்றாள். வீட்டில் தாயும் மகளும் மட்டும்தான். கராம்பு வாசத்துக்கு அடியில் இன்னொரு வாசமும் மெல்ல மெல்ல ஏறி வருவதை ஸில்மியா அப்போதுதான் கவனித்தாள். நனைந்த கம்பளியும் நிலக்கரிப் புகையும் சேர்ந்த மாதிரி ஒரு வாடை. மாத்தளையில் யார் கம்பளிக் கோட்டு போடுகிறார்கள்?

வாசலில் குரல் கேட்டது.

"ஹலோ? எனிவன் அட் ஹோம்?"

ஒரு ஆணின் குரல், மரியாதையான குரல். பின்னால் யாரோ மெல்லச் சிரித்தார்கள். ஸில்மியா தாழ்ப்பாளைப் போய்த் தொட்டுப் பார்த்தாள். ஆனாலும் யாரோ வழி தவறி வந்த சுற்றுலாப் பயணியாக இருக்கக் கூடாதா, ஸ்பைஸ் கார்டன் தேடி எத்தனையோ வெள்ளைக்காரர்கள் இந்தப் பக்கம் வருகிறார்களே என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டு, ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்தாள். வீட்டு முன்னாலுள்ள குறுகலான ஒழுங்கை வெறுமையாகக் கிடந்தது. வாசல்படியில் மழைத்தண்ணீர் தெறித்துக்கொண்டிருந்தது, ஒரு காலடி கூட இல்லை.

"ஹலோ? எனிவன் அட் ஹோம்?"

அதே வெறும் படியிலிருந்து.

"ஆள் ஈக்கிது! உள்ள வர வேணாம்!" என்று கத்தினாள். ஆங்கிலத்திலும் கத்தினாள். கதவை ஓங்கி ஓங்கித் தட்டினாள். வெளியே அவர்கள் கிசுகிசுத்துக்கொண்டார்கள். ஒரு பெண் "பதிலே இல்லை, இன்னும் ஒரு தடவைதான்" என்று குதூகலமாகச் சொல்வது கதவுப் பலகைக்கு அந்தப் பக்கம் ஒரு சாண் தூரத்தில் கேட்டது.

மூன்றாவது தடவையும் கூப்பிட்டார்கள்.

தாழ்ப்பாள் அசையவில்லை. கதவு திறக்கவில்லை. ஆனால் அவர்கள் உள்ளே வந்துவிட்டார்கள். தடித்த சப்பாத்துகள் சீமெந்தில் தட்டித் தட்டி நகரும் சத்தம், மழைக்கோட்டுகள் உரசும் சத்தம், நூதனசாலையில் பழம்பொருள் பார்க்கிறவர்கள் பேசுவது போல அடக்கிய குரல்கள், எல்லாம் அவளுடைய தோளை உரசிக்கொண்டு போயின. தோள் ஈரமானது. தையல் அறைக்குள் போனார்கள். மெஷின் சக்கரத்தை யாரோ ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்கள். பிறகு நடைக்கு வந்தார்கள்.

மபாஸா தலையை உயர்த்தினாள். யாரையோ அண்ணாந்து பார்த்தாள். பார்வை ஒருவரிலிருந்து இன்னொருவருக்குப் போனது.

"உம்மா, இவங்க ஏன் சப்பாத்த கழட்டல்ல?"

ஸில்மியா பாய்ந்து போய்ப் பிள்ளையை வாரி எடுத்து, அதன் முகத்தைத் தன் கழுத்தில் அழுத்திக்கொண்டாள். ஆயத்துல் குர்ஸியை ஓதத் தொடங்கினாள், பாதியில் வரி மறந்தது, திரும்பத் தொடங்கினாள். சத்தங்கள் குசினிப் பக்கம் போய், மெல்ல மங்கி, மழையோடு மழையாகக் கரைந்தன. கம்பளி வாடை மட்டும் போகவில்லை.

மடிக்கணினி கிணுங்கென்றது.

"கூப்பிட்டோம், ஒருவரும் பதில் சொல்லவில்லை. கதவடியில் கூதல் காற்று மட்டும் அடித்தது. ஆனால் அந்தச் சின்னப் பெண் எங்களை நிமிர்ந்து பார்த்துப் பேசினாள்! என்ன பாஷையோ தெரியாது. அவ்வளவு செல்லம். கூட்டிக்கொண்டு வந்துவிடலாம் போல இருந்தது."

ஸில்மியா அந்தக் கடைசி வரியை இரண்டு தடவை படித்தாள். தொண்டை கிழியக் கத்தியது அவள், அவர்களுக்கு எட்டியது கூதல் காற்று. மபாஸா வாய் திறந்து ஒன்று கேட்டாள், அது எட்டிவிட்டது. பிள்ளையை அவர்களுக்குத் தெரிகிறது, கேட்கிறது, பிடித்தும் போய்விட்டது.

முதலில் றினோஸுக்கு அடித்தாள். அங்கே நண்பகலுக்கு இன்னும் கொஞ்ச நேரம், அவனுக்கு லீவு நாள்.

"றினோஸ், மில் லேன் எண்டு ஒரு ரோட் ஈக்கிதில்லையா, தேவாலயத்துக்குப் பின்னால? அதுல ஒம்பதாம் நம்பர். இப்பயே போய்ப் பாருங்க. அங்க நிண்டு வாற ஆட்களை உள்ள விடாதீங்க."

"எனத்த ஸில்மி நடந்த? அழுறீங்களா?"

"கேள்வி கேக்காதீங்க. மபாஸாட தலையில அடிச்சுக் கேக்கிறேன், போங்க."

"சரி, சரி. பஸ் வருது. பதினஞ்சு நிமிஷத்துல அங்க நிப்பேன். பயப்படாதீங்க."

அடுத்து நிமலன். நடந்ததைச் சொன்னால் பைத்தியம் என்பார். ஆகவே பாதியைச் சொன்னாள். "அண்ணன், அந்தப் பத்தாவது இடம் பொய். அப்படி ஒரு வீடே இல்ல. நான்தான் இட்டுக்கட்டி எழுதினேன். பக்கத்தை எடுத்துடுங்க."

நிமலன் சிரித்தார். "இல்லாத வீட்டுக்கோ தங்கச்சி இவ்வளவு சனம் போய்ப் படம் எடுத்துப் போட்டிருக்கு? எங்கட பக்கங்களில ஆகக் கூடப் பேர் பாக்கிறது இதைத்தான். நானும் கருத்துகளைப் பாத்து அந்தச் சின்னப் பிள்ளையைப் பற்றி ஒரு பந்தி சேர்த்திட்டன். 'வீட்டில் இருக்கும் குட்டிப் பெண்ணோடு பேசிப் பாருங்கள், கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்' எண்டு."

"யா அல்லாஹ்! அண்ணன், அதை எடுங்க! இப்பவே எடுங்க!"

"பக்கத்தை எடுக்க எனக்கு அதிகாரம் இல்லை தங்கச்சி, மேலிடத்தில இருந்து ஓமெண்டு வரவேணும். வரிகளைத் திருத்தலாம். அழாதையுங்கோ. என்ன மாத்திறது எண்டு சொல்லுங்கோ."

அதற்குள் வாசலில் சப்பாத்துச் சத்தம் கூடிவிட்டது. முன்பைவிடப் பெரிய கூட்டம். குழந்தைகளின் குரலும் கலந்திருந்தது.

"ஹலோ? எனிவன் அட் ஹோம்?"

"மூணு தரம் கூப்பிட்டுப் பதில் வராட்டி திரும்பிப் போகணும் எண்டு போடுங்க அண்ணன். உள்ளயிருந்து பதில் சொன்னால் மட்டும்தான் உள்ள போகலாம். அப்பிடித்தான் அது. நான்தான் புரட்டி எழுதிட்டேன். கெதியா."

கொழும்பில் விசைப்பலகை தட்டப்படுவது போனில் கேட்டது. டக் டக் டக்கென்று, ஆற அமர. வாசலில் இரண்டாவது தடவை கூப்பிட்டார்கள். ஸில்மியா பிள்ளையின் வாயைத் தன் உள்ளங்கையால் பொத்தினாள். மபாஸாவின் மூச்சு விரலிடுக்கில் சுட்டது.

"இன்னொருக்கா சொல்லுங்கோ, பதில் வந்தால்..."

"பதில் வந்தால் மட்டும் உள்ள போகலாம்!"

மூன்றாவது தடவை.

"போட்டிட்டன்" என்றார் நிமலன்.

மழை கூடச் சற்று நின்று கேட்டது மாதிரி இருந்தது. வெளியே ஒருவன் முணுமுணுத்தான். "பதில் வராவிட்டால் திரும்ப வேண்டுமாம், இப்படித்தான் போட்டிருக்கிறது." ஒரு குழந்தை சிணுங்கியது. சப்பாத்துகள் திரும்பின. படியிறங்கின. போய்விட்டன.

ஸில்மியா அப்படியே தரையில் சரிந்து உட்கார்ந்து, பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, வாய்விட்டு அழுதாள். அல்ஹம்துலில்லாஹ், அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லிச் சொல்லி அழுதாள். வாப்பாவின் வழக்கம் வாப்பாவின் வழக்கம்தான். நேராக வைத்தவுடன் கதவு எப்படிக் கதவாகிவிட்டது பாருங்கள் என்று அவளுக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை கூட வந்தது. மஃரிபுக்குப் பாங்கு சொல்ல இன்னும் கால் மணி நேரம்தான் இருந்தது. மழை விட்டதும் ஒரு ஓட்டோவைப் பிடித்து மகளோடு பஸ் நிலையத்துக்குப் போய், நாவுல பஸ்ஸில் ஏறிவிட வேண்டும். உம்மாவோடு படுத்தால் பயம் தெளிந்துவிடும். எழுந்து அலுமாரியைத் திறந்து, பிள்ளையின் உடுப்பு இரண்டை ஒரு பையில் திணித்தாள்.

"மகள், யார் கூப்பிட்டாலும் பேசக்கூடாது. வெளங்கினதா?"

மபாஸா தலையாட்டினாள். "ஸலாம் சென்னாலுமா? ஸலாத்துக்குப் பதில் செல்லாட்டி குத்தம் எண்டு மௌலவி சென்னாரே."

"அவங்க ஸலாம் சொல்ற ஆட்கள் இல்ல மகள்."

வீட்டுக்குள் இருட்டு கூடிவந்தது. சுவிட்சைப் போட்டாள், கரண்ட் இல்லை. அப்போதுதான் வாசலில் ஒரே ஒரு சோடிக் காலடி ஏறியது. கூட்டமில்லை, சிரிப்பில்லை, தயக்கமான காலடி. பழகிய ஆள் ஒருவர் செருப்பைத் துடைப்பது போல, படியில் காலைத் தேய்க்கும் சத்தம்.

"அஸ்ஸலாமு அலைக்கும்."

றினோஸின் குரல்.

கையிலிருந்த பை விழுந்தது. அவன் போய்ச் சேர்ந்துவிட்டான். அவள் சொன்ன இடத்துக்குப் போய், அங்கே நிற்கும் வீட்டின் வாசலில் நின்று, மாத்தளை வாசலில் ஸலாம் சொல்கிறான். இரண்டரை வருஷமாகப் போனுக்குள்ளிருந்து மட்டும் வந்த குரல், இப்போது தொண்டையோடும் மூச்சோடும் கதவுக்கு அந்தப் பக்கத்தில் நின்றது.

"வஅலைக்கும் முஸ்ஸலாம்! றினோஸ்! நான் உள்ளதான் ஈக்கிறேன்!"

வெளியே ஒன்றும் அசையவில்லை. அவனுக்குக் கேட்கவில்லை. அவள் குரல் அவனுக்கும் கூதல் காற்றுத்தான்.

"அஸ்ஸலாமு அலைக்கும்" என்றான் இரண்டாவது தடவை. கொஞ்சம் சோர்வாக, பஸ்ஸில் வந்து களைத்தவன் மாதிரி.

"வாப்பா!" என்று மபாஸா உதட்டுக்குள் சொன்னாள். பேசாதே என்று சொன்னது நினைவிருந்ததால் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணால் உம்மாவைக் கெஞ்சினாள்.

ஸில்மியா கணக்குப் போட்டாள். மூன்றாவது ஸலாம் சொல்லுவான். பதில் வராது. வாப்பாவின் மருமகன், முறை தெரிந்தவன், திரும்பிப் போய்விடுவான். இத்தனை வெள்ளைக்காரர்களும் நடந்து வந்த வழி அது; அவர்கள் வரலாமென்றால் அவன் ஏன் வரக்கூடாது? விசா இல்லை, டிக்கட் இல்லை, இன்னும் இரண்டு வருஷம் காத்திருக்கத் தேவையில்லை. ஒரே ஒரு பதில், கேட்கக்கூடிய வாயிலிருந்து. அவளுக்கு ஆசை தலைக்கேறிவிட்டது. யாருக்குத்தான் ஏறாது?

"அஸ்ஸலாமு அலைக்கும்."

மூன்று.

காலடி திரும்புவது கேட்டது. ஒரு படி இறங்கியது.

"மகள்," என்றாள் ஸில்மியா, "வாப்பாக்குப் பதில் செல்லுங்க! சத்தமா!"

"வஅலைக்கும் முஸ்ஸலாம் வாப்பா!" மபாஸா கத்திக்கொண்டே ஓடினாள். "வாங்க! உள்ள வாங்க!"

எட்டி, தாழ்ப்பாளை இழுத்தாள். கதவு திறந்தது.

வாசலில் யாரும் இல்லை.

நனைந்த கம்பளி. நிலக்கரிப் புகை.

மபாஸா அண்ணாந்து பார்த்தாள். மிக உயரத்தில் எதையோ பார்த்தாள். முகத்தில் சந்தேகம் வந்தது. பிறகு அவளுடைய வலது கை தானாக மேலே போனது. யாரோ பிடித்துத் தூக்கியது மாதிரி. விரல்கள் வெறும் காற்றில் நசுங்கி வெளுத்தன.

போன் அடித்தது. ஸில்மியா ஓடிக்கொண்டே அழுத்தினாள்.

"ஸில்மி, இப்பதான் வந்து சேர்ந்தேன்" என்றான் றினோஸ். பின்னால் வாகனச் சத்தம். "பாலத்துக்கிட்ட ரோட்ட மூடி ஈக்கிது, அரவாசி வழி நடந்துதான் வந்த. நீங்க சென்ன எடத்துல வீடொண்டும் இல்லயே. கார் நிப்பாட்டுற வெட்டவெளிதான் ஈக்கிது."

கதவு அறைந்து மூடிக்கொண்டது. அவள் விரல் நுனிக்கு முன்னால்.

இழுத்தாள். உதைத்தாள். தோளால் மோதினாள். அது கதவு மாதிரியே இல்லை, சுவரில் கீறிய கதவு மாதிரி இருந்தது.

"மபாஸா!"

"ஹலோ? ஸில்மி? லைன்ல ஈக்கிறீங்களா?"

"றினோஸ்! பிள்ளையைப் பிடிங்க! பிள்ளையை!"

"ஹலோ? ஒங்கட சத்தம் கேக்குதில்லயே. காத்து அடிக்கிற மாதிரி ஈக்கிது. ஹலோ?"

தையல் அறை. ஜன்னல். மெஷினைத் தள்ளிக்கொண்டு ஓடினாள். திரையைக் கிழித்தாள்.

ஒழுங்கை இல்லை. பள்ளிவாசல் மினாரா இல்லை. மழை இல்லை. வெளிறிய நண்பகல் வெளிச்சத்தில் கல் பாவிய ஒரு தெரு. தெருவில் மழைக்கோட்டுப் போட்ட ஏழெட்டுப் பேர், வீட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வரிசையாக, ஒட்டி ஒட்டி நின்றார்கள். எதிரே ஒருவன் கமராவைப் பிடித்திருந்தான். நடுவில் மபாஸா. வெறுங்கால். பக்கத்தில் நின்ற மிக உயரமான ஒருவனின் கையைப் பிடித்திருந்தாள். கறுப்புக் கம்பளிக் கோட்டு. அதிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டேயிருந்தது.

ஸில்மியா இரண்டு கையாலும் கண்ணாடியில் அறைந்தாள். வாயைப் பிளந்து அலறினாள். அவளுக்கே தன் சத்தம் கேட்கவில்லை.

கமராக்காரன் தலையை உயர்த்தினான். ஜன்னலை உற்றுப் பார்த்தான். வெளிறிப்போய், "வீட்டுக்காரி!" என்று வாயசைத்துக் கையை நீட்டிக் காட்டினான்.

ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். உயரமானவன் மட்டும் திரும்பவில்லை.

மபாஸா திரும்பினாள். ஜன்னலை நேராகப் பார்த்தாள். அதற்குள் நின்ற தன் உம்மாவைப் பார்த்தாள்.

பயத்தில் வீரிட்டு, அந்த ஈரக் கோட்டுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.